அந்தமான் கடலின் உள் அலைகளை இலவசமாகப் பார்க்க: கோப்பர்நிக்கஸ் பிரவுசர், வேர்ல்ட்வியூ இரண்டையும் பற்றிய மதிப்பீடு

கடலின் உள் அலைகளை, அதாவது மேற்பரப்புக்குக் கீழே இரண்டு நீர் அடுக்குகளின் எல்லையில் ஓடும் அலைகளைப் பற்றிப் படித்தவர்கள் அடுத்து கேட்பது ஒன்றே: இதை நாமே பார்க்க முடியுமா? முடியும். செலவும் இல்லை. ஐரோப்பிய விண்வெளி முகமை வழங்கும் கோப்பர்நிக்கஸ் பிரவுசர், நாசாவின் வேர்ல்ட்வியூ ஆகிய இரண்டு இணையச் சேவைகளும் இதற்குப் போதும். எந்த மென்பொருளையும் நிறுவ வேண்டியதில்லை. கடல் உயிரியல் மாணவர்கள், பவளத்திட்டுகளில் வேலை செய்பவர்கள், முக்குளிப்பு நடத்துபவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இந்த மதிப்பீடு எழுதப்படுகிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அலை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு வேகம் என்ற மூன்றையும் இவை நம்பகமாகச் சொல்லும். அந்த அலை நீரை எவ்வளவு கலக்குகிறது என்பதைச் சொல்லாது. படத்தில் தெரியும் கோட்டைக் கலப்பின் அளவாக எடுத்துக்கொள்வதுதான் இந்தத் துறையில் புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்கும் இடம்.

சோதனைக் களமாக அந்தமான் கடலையே எடுத்துக்கொள்ளலாம். நிகோபார் தீவுகளின் வரிசையும் சுமத்ராவின் வடமுனையை ஒட்டிய திட்டுகளும் கடலடியில் ஒரு நீண்ட மேடாகக் கிடக்கின்றன. ஒரு நாளில் இரண்டு முறை ஓதம் (கடல் ஏற்றவற்றம்) அந்த மேட்டின் மேல் ஏறி இறங்குகிறது. மேலே வெதுவெதுப்பான இலேசான நீர், கீழே குளிர்ந்த கனமான நீர். ஓதம் மேட்டைக் கடக்கும்போது இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லை அசைந்து, கிழக்கே தாய்லாந்துக் கரையை நோக்கி அலையாகப் புறப்படுகிறது. 1975 ஜூலையில் அப்பல்லோ-சோயுஸ் விண்கலத்திலிருந்து எடுத்த படங்களில் இந்தக் கடலின் மேற்பரப்புப் பட்டைகள் பதிவாயின. எண்ணெய்த் துளைப்புக் கப்பலை ஒட்டிச் செய்த அளவீடுகளை வைத்து ஆஸ்போர்னும் பர்ச்சும் 1980இல் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரை, 60 மீட்டர் அளவுக்கு எல்லை தாழ்வதைக் காட்டியது. கடலின் மேற்பரப்பு அந்த நேரத்தில் உயர்வதும் தாழ்வதும் அற்பம். ஆகவே செயற்கைக்கோள் பார்ப்பது அலையையே அல்ல, அலை மேலே உண்டாக்கும் நீரோட்டம் சிற்றலைகளைக் குவிப்பதையும் விரிப்பதையும்தான். இதை மறக்காமல் இருந்தால் பின்னால் வரும் எல்லாமே எளிதாகப் புரியும்.

கோப்பர்நிக்கஸ் பிரவுசர்

இங்கே நமக்கு வேண்டியது சென்டினல்-1 என்ற செயற்கைக்கோள்கள் எடுக்கும் ரேடார் படம். அது 5.5 செ.மீ. அலைநீளமுள்ள நுண்ணலையைச் சாய்வாக அனுப்பித் திரும்பி வருவதை அளக்கிறது. கடலில் அதைத் திருப்பி அனுப்புவது ஏறக்குறைய 4 முதல் 6 செ.மீ. நீளமுள்ள சிற்றலைகள். உள் அலை இந்தச் சிற்றலைகளைக் குவிக்கும் இடம் படத்தில் வெள்ளையாகவும், விரிக்கும் இடம் கறுப்பாகவும் வரும். மேகம் தடையில்லை, இரவும் தடையில்லை. வங்கக்கடல் பக்கம் வேலை செய்பவர்களுக்கு இது பெரிய வரம்.

படத்தைப் பார்க்க மட்டும் கணக்கு தேவையில்லை. தரவிறக்க இலவசப் பதிவு செய்துகொள்ள வேண்டும். தேடல் பெட்டியில் 8.5, 96.5 என்று அட்சரேகை, தீர்க்கரேகையை இட்டால் தாய்லாந்துக் கண்டத்திட்டின் (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடியின்) விளிம்புக்குச் சற்று மேற்கே போய் நிற்கும். இடப்பக்கப் பட்டியலில் சென்டினல்-1ஐத் தேர்ந்தெடுத்து, பார்க்கும் அடுக்காக 'விவி டெசிபெல் காமா0' (செங்குத்து முனைவாக்கத்தில் அனுப்பி அதிலேயே பெற்ற ரேடார் எதிரொலியின் வலிமை) என்பதை எடுங்கள். நிலமேடு திருத்திய வடிவம் கடலுக்குத் தேவையில்லை. 'விஎச்' (செங்குத்தாக அனுப்பிக் கிடைமட்டமாகப் பெறும்) அடுக்கைத் தொடவே வேண்டாம். கடலிலிருந்து அந்த முனைவாக்கத்தில் திரும்பி வருவது கருவியின் இரைச்சல் அளவுக்கு அருகில் இருப்பதால் உள் அலை பெரும்பாலும் தெரியாது. வண்ணக் கலவை அடுக்குகள் நிலத்துக்காகச் செய்தவை, கண்ணுக்கு அழகாக இருந்தாலும் கோடுகளை மங்கவைக்கும்.

நாட்காட்டியில் படம் உள்ள நாட்கள் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு செயற்கைக்கோள் அதே பாதைக்குத் திரும்ப 12 நாள். சென்டினல்-1பி 2021 டிசம்பரில் பழுதாகி நின்றது. 1சி 2024 டிசம்பரில்தான் விண்ணுக்குப் போனது. அதனால் 2022 முதல் 2024 வரை தேடுபவர்களுக்குப் படங்கள் குறைவாகத்தான் கிடைக்கும். பழைய காலத்தில் தேட வேண்டுமானால் இரண்டு செயற்கைக்கோள்களும் இயங்கிய 2017 முதல் 2021 வரையிலான ஆண்டுகளிலிருந்து தொடங்குவது நல்லது.

இயல்புநிலையில் வரும் படம் நிலத்துக்கேற்ற வெளிச்ச அளவில் இருக்கும், கடல் வெறும் கருஞ்சாம்பலாகத் தெரியும். 'எதுவுமே இல்லையே' என்று மூடிவிடுகிறவர்கள் இங்கேதான் மூடுகிறார்கள். விளைவுகள் பலகையில் கெயின் என்ற வெளிச்ச அளவைக் கூட்டி, காமா என்ற நடுச்சாயல் அளவைச் சற்று மாற்றினால் கோடுகள் எழும்பி வரும். இன்னும் நல்ல வழி, தனிப்பயன் நிரலில் விவி மதிப்பை டெசிபெலாக மாற்றி, -22ஐக் கறுப்பாகவும் -5ஐ வெள்ளையாகவும் வைத்து நடுவில் நீட்டுவது. காற்று பலமாக இருந்த நாளில் இரண்டு எல்லைகளையும் மூன்று நான்கு டெசிபெல் மேலே தள்ள வேண்டியிருக்கும். 250 கி.மீ. அகலப் படத்தில் செயற்கைக்கோளுக்கு அருகிலுள்ள ஓரம் எப்போதும் வெளுத்தும் எதிர் ஓரம் இருண்டும் இருக்கும். அது ரேடார் விழும் கோணத்தால் வருவது, கடலால் அல்ல. வரைபடத்தை மிகவும் விலக்கினால் ரேடார் படமே வராது. அகலம் 200 கி.மீ. தெரியுமளவுக்கு வைத்துத் தேடி, கோடுகள் கிடைத்த பிறகு நெருங்கிப் போங்கள்.

கோடுகளைப் படிப்பது

அலைகள் தனியாக வருவதில்லை, கூட்டமாக வரும். கூட்டத்தின் முன்னணிக் கோடு மிக நீளமாக, நூறு கி.மீ.க்கு மேலும் வில்லாக வளைந்திருக்கும். பின்னால் வருபவை நீளமும் இடைவெளியும் படிப்படியாகக் குறையும். வில்லின் புடைத்த பக்கம் எதுவோ அந்தத் திசையில் அலை போகிறது. இந்த வரிசைதான் அடையாளம். இடைவெளி கடைசிவரை ஒரே சீராக இருந்து, கோடுகள் தீவின் மேலும் மேகத்திலும் தொடர்ந்தால் அது காற்றுமண்டல அலை. கறுப்புப் பட்டை மட்டும் இருந்து பக்கத்தில் வெள்ளை இல்லையென்றால் எண்ணெய்ப் படலமோ, உயிரிகளிலிருந்து கசியும் கொழுப்புப் படலமோ. நுனியில் வெள்ளைப் புள்ளியுடன் ஆப்பு வடிவில் விரிந்தால் கப்பலின் தடம். வட்டமாக ஓரம் மட்டும் வெளுத்த திட்டுகள் மழை. நூறு, இருநூறு மீட்டர் இடைவெளியில் படம் முழுக்கக் கோடு கோடாக இருந்தால் சாதாரணப் பெருங்கடல் அலை.

காற்று நொடிக்கு 2 மீட்டருக்குக் கீழே போனால் சிற்றலையே இருக்காது, படம் கறுத்துவிடும். 10 மீட்டரைத் தாண்டினால் காற்று உண்டாக்கும் கரடுமுரடு எல்லாவற்றையும் மூடிவிடும். ஆகவே ஒரு நாள் படத்தில் கோடு இல்லை என்பதால் அன்று அலை இல்லை என்று எழுதக்கூடாது. 'அன்று பார்க்க முடியவில்லை' என்பதுதான் சரியான பதிவு. அலைகளின் எண்ணிக்கையை மாதவாரியாகக் கணக்கிடும் மாணவ ஆய்வேடுகளில் இந்தத் தவறு மிக எளிதாக நுழையும்: மழைக்காலத்தில் அலைகள் குறைவு என்று வரும், உண்மையில் குறைந்தது பார்க்க உகந்த நாட்கள்.

வெள்ளை முதலில் வந்து கறுப்பு பின்னால் வந்தால், எல்லை கீழ்நோக்கித் தாழும் அலை. ஆழ்கடலில் மேல் அடுக்கு மெல்லியது, கீழ் அடுக்கு தடித்தது என்பதால் எப்போதும் இதுதான். கண்டத்திட்டில் ஏறி, கீழ் அடுக்கு மேல் அடுக்கைவிட மெலிந்துபோகும் இடத்தில் அலை தலைகீழாகிறது. அங்கே கறுப்பு முன்னாலும் வெள்ளை பின்னாலும் வரும். அந்த மாற்றம் நடக்கும் கோட்டைப் படத்தில் குறித்துவைக்கத் தவறாதீர்கள். குளிர்ந்த நீர் மேடுபோல அடியை ஒட்டி ஏறிவரத் தொடங்குவது அங்கிருந்துதான். அடிவாழ் உயிரிகளைப் படிப்பவர்களுக்கு இந்தச் சேவை தரும் தகவல்களில் இதைவிடப் பெறுமதியானது வேறில்லை.

வேகமும் உயரமும்

அளவுக் கருவியை எடுத்து, அடுத்தடுத்த இரண்டு கூட்டங்களின் முன்னணிக் கோடுகளுக்கு நடுவிலுள்ள தூரத்தை அலை செல்லும் திசையிலேயே அளங்கள். ஒரு ஓதத்துக்கு ஒரு கூட்டம். ஓதத்தின் இடைவெளி 12.42 மணி நேரம், அதாவது 44,712 நொடி. தூரம் 95 கி.மீ. என்று வந்தால் வேகம் நொடிக்கு 2.1 மீட்டர். திட்டின் மேல் வேகம் 1 மீட்டருக்குக் கீழே இறங்குவதால் கூட்டங்கள் நெருங்கும். ஆழ்கடல் அளவை அங்கே பயன்படுத்த வேண்டாம்.

இதை நீர்நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மேல் அடுக்கு 100 மீ., கீழ் அடுக்கு 1000 மீ., இரண்டுக்கும் அடர்த்தி வேறுபாடு கனமீட்டருக்கு 4 கிலோ என்று வைத்துக்கொள்வோம். குறைந்த ஈர்ப்பு (அடர்த்தி வேறுபாட்டின் விகிதத்துக்குக் குறைத்த புவியீர்ப்பு) 9.8 × 4 ÷ 1025 = 0.038. அதை இரண்டு தடிமன்களின் பெருக்கத்தால் பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் நொடிக்கு 1.86 மீட்டர். படத்தில் அளந்தது 2.1 என்றால், அடர்த்தி வேறுபாடு இன்னும் கூடுதல், அல்லது எல்லை 130 மீட்டரை ஒட்டி இருக்கிறது. அடர்த்தியை ஊகிக்க வேண்டாம். அந்தப் பகுதியில் மிதக்கும் ஆர்கோ மிதவைகளின் (கடலில் ஏறி இறங்கித் தானாக அளக்கும் கருவிகளின்) வெப்ப, உப்புத்தன்மை விவரங்களை ஹைதராபாத்தின் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனத் தளத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

தாழ்வின் அளவையும் தோராயமாகக் கணிக்கலாம். ஒரு கோட்டின் வெள்ளை உச்சிக்கும் கறுப்பு அடிக்கும் நடுவே எவ்வளவு என்று அளந்து 1.32ஆல் வகுத்தால் அலையின் பாதி அகலம் கிடைக்கும். தாழ்வு = 4 × (மேல் தடிமன் × கீழ் தடிமன்)² ÷ (3 × தடிமன் வேறுபாடு × பாதி அகலம்²). மேலே சொன்ன அடுக்குகளுக்கு, 656 மீட்டர் இடைவெளி அளந்தால் பாதி அகலம் 497 மீ.; தாழ்வு ஏறக்குறைய 60 மீ. அகலம் வர்க்கமாக வருவதால் அளவில் 10 சதவீதம் பிசகினால் விடையில் 20 சதவீதம் பிசகும். சென்டினல்-1இன் 10 மீட்டர் படப்புள்ளிக்கு இது தாங்கும். தாழ்வு மேல் அடுக்கின் பாதியைத் தாண்டும்போது இந்த வாய்பாட்டின் அடிப்படையே தளர்கிறது என்பதால், வந்த எண்ணை முழு எண்ணாகச் சுருக்கி 'சுமார்' சேர்த்தே எழுதுங்கள். பத்துப் படங்களில் வந்த எண்களை வரிசைப்படுத்தி எது பெரிய அலை, எது சிறியது என்று ஒப்பிடுவதற்கு இது மிக நன்றாக உதவும்.

12 நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை ஒப்பிடும்போது ஒரு குழப்பம் வரும்: அலைக்கூட்டம் ஏன் இடம் மாறியிருக்கிறது? 12 நாள் என்பது 288 மணி. 23 ஓதச் சுற்றுகள் 285.7 மணியில் முடிந்துவிடுகின்றன. மீதி 2.3 மணி நேரம் அலை கூடுதலாக ஓடியிருக்கும், அதாவது 17, 18 கி.மீ. கிழக்கே தள்ளித் தெரியும். பிறப்பிடம் மாறிவிட்டது என்று இதை வைத்துச் சொல்லிவிட வேண்டாம். ஏறக்குறைய 64 நாட்களில் அதே ஓதநிலை திரும்ப வரும். 12 நாளின் மடங்குகளில் அதற்கு மிக நெருங்கிய 60 நாள் இணைதான் ஒப்பிடுவதற்கு உகந்தது. அதோடு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பெருகும் ஓதத்தையும் பக்கத்தில் குறித்துவையுங்கள்; அந்த நாட்களை அடுத்து அலைகள் பெரிதாக இருப்பதே வழக்கம்.

இதே பிரவுசரில் சூரிய ஒளியில் படமெடுக்கும் சென்டினல்-2வும் உண்டு. வெயில் கடலில் பளபளக்கும் கோணம் அமைந்தால் 10 மீட்டர் நுணுக்கத்தில் அற்புதமான படங்கள் கிடைக்கும். ஆனால் அது கரையிலிருந்தும் பெரிய தீவுகளிலிருந்தும் சுமார் 20 கி.மீ. வரைதான் படமெடுக்கும், நடுக்கடல் காலியாக இருக்கும். சென்டினல்-3இன் நிறமானி பளபளப்பைத் தவிர்க்கவென்றே மேற்கே சாய்த்துப் பொருத்தப்பட்டது. நிறத்தை அளப்பவர்களுக்கு அது நல்லது, உள் அலை தேடுபவர்களுக்குப் பயனில்லை.

வேர்ல்ட்வியூ

நாசாவின் இந்தச் சேவை கையாள எளிது. 2000 பிப்ரவரியிலிருந்து டெர்ரா, 2002 ஜூலையிலிருந்து அக்வா, பிறகு சுவோமி என்பிபி, நோவா-20, நோவா-21 என்ற செயற்கைக்கோள்களிலிருந்து நாள்தோறும் படம். உண்மை நிற அடுக்கைத் திறந்து அந்தமான் கடலுக்குப் போய், வெள்ளிபோல மின்னும் அகலமான பட்டை எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். அதற்குள்தான் கோடுகள் தெரியும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மேகம் குறைவு, காற்றும் தணிந்திருக்கும், சூரியனும் தலைக்கு மேலே வந்துகொண்டிருக்கும். அந்த மாதங்களில் தேடினால் வெறுங்கையோடு திரும்ப மாட்டீர்கள்.

இதன் பலம் கால நீட்சி. ஒரு பருவம் முழுவதையும் நாள் நாளாக நகர்த்திப் பார்த்துவிடலாம். ஒரே நாளில் வெவ்வேறு செயற்கைக்கோள்கள் சில பத்து நிமிட இடைவெளியில் கடக்கும்போது, அதே கோடு எவ்வளவு நகர்ந்தது என்று நேரடியாக அளக்கலாம். 50 நிமிடத்தில் 6.6 கி.மீ. என்றால் நொடிக்கு 2.2 மீட்டர், ஓத இடைவெளியைப் பற்றிய எந்த அனுமானமும் இதில் தேவையில்லை. கடந்த நேரத்தைச் சுற்றுப்பாதைத் தட அடுக்கிலிருந்து எடுங்கள். டெர்ரா காலை 10.30, அக்வா பிற்பகல் 1.30 என்ற பழைய கணக்கை நம்பக்கூடாது. இரண்டும் அந்த நேரங்களிலிருந்து விலகிவிட்டன.

பலவீனங்கள் இரண்டு. படப்புள்ளி 250 மீட்டர் என்பதால் மேலே சொன்ன 656 மீட்டர் இடைவெளி இரண்டு மூன்று புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். தாழ்வின் அளவை இதிலிருந்து கணிக்கவே கூடாது. இரண்டாவது இன்னும் நுட்பமானது. பளபளப்பின் மையத்தில் வழவழப்பான நீர் வெளுத்தும் கரடான நீர் இருண்டும் தெரியும்; ஓரத்துக்குப் போனால் இது தலைகீழ். ஆகவே ஒரே அலை பட்டையின் ஒரு பகுதியில் வெள்ளை-கறுப்பாகவும், சற்றுத் தள்ளிக் கறுப்பு-வெள்ளையாகவும் வரும். அலை தலைகீழானதா என்ற கேள்விக்கு ரேடார் படத்தை மட்டுமே சாட்சியாக எடுங்கள்.

உயிரியல் கேள்விகளுக்கு எவ்வளவு தூரம் உதவும்?

தாய்லாந்தின் சிமிலன் தீவுகளை எடுத்துக்கொள்வோம், 8.65 வடக்கு, 97.65 கிழக்கு. அலைகள் மேற்கிலிருந்து வந்து மோதும் இடம். அங்கே சில நிமிடங்களுக்குள் நீரின் வெப்பநிலை பத்து டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது பதிவாகியிருக்கிறது. குளிரோடு சேர்ந்து ஊட்டச்சத்து கூடுதலும் ஆக்சிஜனும் பிஎச் அளவும் குறைவுமான ஆழ்நீர் ஏறிவரும். அதன் விளைவு தீவுகளின் உருவத்திலேயே தெரிகிறது: கிழக்குப் பக்கம் தடித்த பவளத்திட்டு, அலை அடிக்கும் மேற்குப் பக்கம் அப்படிப்பட்ட கட்டுமானம் வளரவில்லை. இதைப் பார்த்து உள் அலை பவளத்துக்குக் கேடு என்று முடிவு கட்டுவது சுலபம். 2010இல் அந்தமான் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தபோது நிலைமை மாறிப்போனது. அலை படும் பக்கத்துப் பவளங்கள் குறைவாக வெளுத்தன, அதிகம் பிழைத்தன. மார்லீன் வால் முதலானோர் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. சூடான ஆண்டில் காக்கும் அதே குளிர், சாதாரண ஆண்டில் கட்டுமானத்தைத் தடுக்கிறது.

இந்த இடத்தில் ரேடார் படம் செய்யக்கூடியது, எந்தத் தீவின் எந்தப் பக்கத்தில் கோடுகள் முதலில் தொடுகின்றன, எந்தப் பக்கம் நிழலில் இருக்கிறது என்று பிரித்துக் காட்டுவது. ஆய்வு நிலையங்களை எங்கே வைப்பது என்பதை இதை வைத்தே தீர்மானிக்கலாம். பவளத்தின் மேல் எவ்வளவு குளிர் விழுந்தது என்பதற்கு அடியில் வெப்பமானி வைத்தே ஆக வேண்டும். பிளாஸ்டிக் உறையிட்ட மலிவான பதிவு மானிகள், புதிய வெப்பநிலையில் 90 சதவீதத்தை எட்ட நீரில் ஐந்து முதல் ஏழு நிமிடம் எடுத்துக்கொள்கின்றன. ஏழு நிமிட மானியின் மேல் மூன்று நிமிடக் குளிர் வந்து போனால், மெய்யான இறக்கத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகவே பதிவாகும். பதிவு இடைவெளி பத்து நிமிடம் என்று வைத்திருந்தால் அதுவும் தவறிவிடும். இடைவெளி ஒரு நிமிடத்துக்கு மேல் போகவேண்டாம். வாங்கும்போது துல்லியத்தைவிடப் பதில்நேரத்தைப் பார்த்து வாங்குங்கள்.

மிதவை உயிரிகள் விஷயத்தில் இந்தப் படங்களைப் பச்சையத்தின் படத்தோடு ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதில் பெரிய பள்ளம் இருக்கிறது. செயற்கைக்கோள் காணும் பச்சையம், தெளிந்த கடலில் மேல் 20 மீட்டர் அளவுக்குத்தான். மிதவைத் தாவரங்கள் அடர்ந்து கிடக்கும் அடுக்கு 60 மீட்டரில் இருந்தால் அது கண்ணில் படாது. அங்கே நடப்பதைக் கணக்கில் பார்க்கலாம். மீட்டருக்கு 0.05 என்ற விகிதத்தில் ஒளி குறைந்தால், 60 மீட்டரில் மேற்பரப்பு ஒளியின் 5 சதவீதம். அடுக்கு 20 மீட்டர் மேலேறினால் 13.5 சதவீதம், 20 மீட்டர் கீழிறங்கினால் 1.8 சதவீதம். சீராக ஏறி இறங்கும் ஓத அலை ஒரு முழுச் சுற்றில் தரும் சராசரி, அசையாத நிலையைவிட 27 சதவீதம் அதிகம். ஆனால் அந்தமான் கடலின் ஆழ்பகுதியில் வரும் பெரிய தனி அலைகள் கீழ்நோக்கி மட்டுமே தள்ளுபவை. அவை கடக்கும் நேரத்தில் ஒளி குறையத்தான் செய்யும். ‘உள் அலை வந்தால் விளைச்சல் கூடும்’ என்ற பொது வாக்கியம் எந்த அலை, எந்த ஆழம் என்று கேட்காமல் செல்லாது.

மீன் குஞ்சுகளையும் நண்டு, சிப்பி இளரிகளையும் (லார்வாக்களையும்) படிப்பவர்களுக்குத்தான் இந்தப் படங்கள் நேரடியாக உதவும் என்பது எங்கள் கணிப்பு. குவியும் கோட்டில் மிதப்பவையும் மேல்நோக்கி நீந்துபவையும் சேரும். ஆலன் ஷாங்க்ஸ் 1983இல் இளரிகள் இப்படிக் கரைக்குக் கொண்டுவரப்படுவதைக் காட்டினார். 1991இல் ஹெசூஸ் பினேடா, கரையில் உடையும் ஓத அலைகள் இளரிகளைக் கொண்டுவருவதை முன்கூட்டியே சொல்ல முடியும் என்று எழுதினார். ஆழ்கடலில் கோடு நொடிக்கு 2 மீட்டர் ஓடுகிறது. நீர் அதன் பாதி வேகத்தில் நகர்ந்தாலும் பின்தங்கிவிடும், இளரிகள் அதோடு பயணிக்காது. கோட்டின் வேகமும் நீரின் வேகமும் நெருங்கும் ஆழம் குறைந்த திட்டில்தான் இந்தப் போக்குவரத்து நடக்கும். ஆகவே வலையிட வேண்டிய இடத்தை, கூட்டங்கள் நெருங்கி வேகம் குறையும் பகுதியில் தேர்ந்தெடுங்கள். கோட்டுக்குள் ஓர் இழுப்பு, இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஓர் இழுப்பு என்று இணையாக எடுத்தால்தான் ஒப்பிட ஏதாவது மிஞ்சும். பெரிய விலங்குகளும் இதைப் பயன்படுத்துகின்றன: தென் சீனக் கடலில் பைலட் திமிங்கிலங்கள் உள் அலைகளைத் தொடர்ந்து போனதை மூரும் லியனும் 2007இல் பதிவுசெய்தார்கள்.

கலப்பு

இரண்டு சேவைகளுமே கைவிரிக்கும் இடம் இது. திறந்த கடலின் எல்லை அடுக்கில் கலப்புக் கெழு (நீர் எவ்வளவு விரைவாகக் கலக்கிறது என்பதன் அளவு) நொடிக்கு 0.00001 சதுர மீட்டர் அளவில்தான் இருக்கும். அந்த வேகத்தில் ஊட்டச்சத்து 10 மீட்டர் மேலேறப் பத்து மில்லியன் நொடி, அதாவது 116 நாள் ஆகும். அலை உடைந்து கெழு நூறு மடங்கானால் அதே வேலை 28 மணி நேரத்தில் முடிந்துவிடும். அலை ஓடிக்கொண்டிருக்கும்வரை பெரும்பாலும் நீரைத் தூக்கி இறக்குகிறது, அவ்வளவுதான். பால் குவளையைச் சாய்த்து நிமிர்த்தினால் அடியிலுள்ள சர்க்கரை கரையாது. கரண்டி சுழல வேண்டும். கடலில் அந்தச் சுழற்சி, இரண்டு அடுக்குகளும் ஒன்றின்மேல் ஒன்று வேகமாக வழுக்கி எல்லையில் சுருள்கள் எழும்போதும், அலை சரிவில் ஏறி உடையும்போதும் வருகிறது. ரேடார் படத்தில் கோடுகள் திட்டின்மேல் சிதைந்து மறையும் பகுதி அதற்கான குறிப்பு. ஆனால் அதே இடத்தில் அதே நேரம் காற்று மாறினாலும் கோடு மறையும். குறைந்தது நான்கைந்து படங்களில் ஒரே ஆழக்கோட்டில் மறைந்தால் மட்டும், அங்கே கலப்பை அளக்கக் கருவி இறக்குவது தகும்.

கோப்பர்நிக்கஸின் கடல் சேவையில் வரும் மாதிரி முடிவுகளை இங்கே மாற்றாகப் பயன்படுத்த முடியாது. உலகளாவிய மாதிரியின் கட்டம் 9 கி.மீ. அளவு, அலையின் அகலமோ ஒரு கி.மீ. நாள் சராசரி எடுத்தால் ஓதமே அழிந்துவிடும். அடுக்குகளின் தடிமனை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இந்தியத் தரவு வேண்டுபவர்களுக்கு தேசிய தொலையுணர்வு மையத்தின் பூநிதி தளம் உண்டு. 2022 பிப்ரவரியில் ஏவிய இஓஎஸ்-04 ரேடார் படங்கள் அங்கே கிடைக்கின்றன. பார்த்தவுடன் திரையில் விரியும் வசதியில் கோப்பர்நிக்கஸ் பிரவுசர் முன்னே நிற்கிறது. சென்டினல்-1 படமில்லாத நாளை நிரப்பப் பூநிதி உதவும். பாக் நீரிணையிலும் பாக் விரிகுடாவிலும் உள் அலை தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆழம் பெரும்பாலும் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் என்பதால் காற்றும் ஓட்டமும் நீரைக் கலக்கிவிடும். இரண்டு அடுக்கு நிலைக்காத இடத்தில் எல்லையும் இல்லை, அலையும் இல்லை. படமெடுத்த பிறகு ஒரு நாளுக்குள் சென்டினல்-1 படம் பெரும்பாலும் தளத்துக்கு வந்துவிடுகிறது. களப்பயணம் போகிறவர்கள், தங்கள் திட்டுக்கு மேலே செயற்கைக்கோள் கடக்கும் தேதியை முந்தைய படத்தோடு 12 நாள் கூட்டிக் கணித்து, வெப்பமானிகளை அதற்கு ஒரு வாரம் முன்பாவது இறக்கிவிடுங்கள். கடக்கும் நேரம் உள்ளூர்க் கணக்கில் காலை ஆறு மணியை ஒட்டியோ மாலை ஆறை ஒட்டியோ இருக்கும். மானியின் கடிகாரத்தை உலக நேரத்தில் வைத்தால் படத்தோடு நிமிடக் கணக்கில் பொருத்தலாம்.